தரிசில் விழுந்த பந்து

ஆங்கிலத்தில் 'ஹீத்' என்று ஒரு சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பு மேஜைக்கு அது வந்து சேரும்போதெல்லாம் எனக்கு ஒரு நாள் வேலை கெடும். மேக்பெத்தின் சூனியக்காரிகள் கூடுவதற்குக் குறித்துக்கொள்ளும் இடம் ஹீத். லியர் மன்னன் புயலில் அலறித் திரிவதும் ஹீத்தில்தான் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஷேக்ஸ்பியர் அப்படி எழுதவில்லை, 1709-ல் நாடகங்களைப் பதிப்பித்த நிக்கலஸ் ரோதான் அந்த இடக்குறிப்பைச் சேர்த்தார் என்பது பிறகு தெரிந்தது. தாமஸ் ஹார்டியோ ஒரு நாவலில் ஹீத்தையே முக்கியப் பாத்திரமாக்கிவிட்டார்.

தமிழில் சட்டென்று கைக்கு வரும் சொற்கள் மூன்று. தரிசு, பொட்டல், புதர்க்காடு. தரிசு என்றால் உழாமல் போட்ட நிலம். பொட்டல் என்றால் எதுவுமே முளைக்காத வெளி. புதர்க்காடு என்றதும் பாம்பு ஞாபகம் வருகிறது. மூன்றும் ஹீத் இல்லை.

எம்.ஏ.வுக்குத் தமிழ் படித்தவனுக்கு ஐந்திணை இருக்கிறதே, அதில் தேடக் கூடாதா என்று கேட்கலாம். தேடினேன். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதாவது பாலை பிறவியில் பாலை இல்லை. வேறொன்றாக இருந்து திரிந்தது. ஹீத்தும் அப்படித்தான். தெற்கு இங்கிலாந்தின் மணல் பூமியில் ஒரு காலத்தில் காடு இருந்தது. வெண்கலக் காலத்திலும் அதன் பின்னும் மனிதர்கள் மரங்களை வெட்டினார்கள், ஆடுமாடுகளை மேய விட்டார்கள், அடுப்புக்கு மண்ணோடு சேர்த்துப் புல்பத்தையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே சத்துக் குறைந்த மண் மேலும் வற்றியது. அந்த மண்ணில் வேறெதுவும் வேண்டாம் என்று தரையோடு தரையாகப் படர்ந்த குற்றுச்செடிதான் ஹெதர். இவ்வளவும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. காலால் தெரிந்துகொண்டது 2023 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், தோளில் ஒரு கோல்ஃப் பையோடு.

பத்திரிகை மொழிபெயர்ப்பாளனுக்குக் கோல்ஃப் எதற்கு? என் வீட்டிலும் இதே கேள்விதான். விளையாட்டுப் பக்கத்துக்கு வந்த கோல்ஃப் கட்டுரைகளில் தடுக்கி விழுந்து விழுந்து, ஒரு தடவையாவது மட்டையைத் தொட்டுப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். டெல்லி லாடோ சராயில் டி.டி.ஏ. நடத்தும் மைதானத்தில் கிளப் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. காசு கட்டினால் ஆடலாம். குதுப் மினார் தூரத்தில் தெரிய, காலை ஆறு மணிக்குப் பந்தைத் தேடுவதில் ஒரு சுகம் உண்டு. சுகம் பழக்கமாயிற்று. ஆட்டம் மட்டும் இன்னும் தேறவில்லை.

ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக லண்டன் போனபோது, நண்பர் வழியாக ஒரு டாக்டரின் தொடர்பு கிடைத்தது. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். 1979-ல் இங்கிலாந்து போனவர், குடும்ப டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரேயில் ஒரு ஹீத் மைதானத்தில் உறுப்பினர். கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். "கோல்ஃப் ஆடுவேளா? அப்ப ஞாயித்துக்கிழமை வந்துருங்க தம்பி, மட்டை நான் தாரேன்" என்றார் போனில். இரண்டாவது நிமிடத்திலேயே அவர் எனக்கு அண்ணாச்சி ஆகிவிட்டார்.

கோல்ஃபுக்கும் ஹீத்துக்கும் எப்படி உறவு வந்தது என்பதை ரயிலில் போகும்போது வாசித்துக்கொண்டே போனேன். ஸ்காட்லாந்தில் அது கடற்கரை ஆட்டம். மணல்மேடு, உப்புக்காற்று, குட்டைப் புல். உள்நாட்டுக்கு வந்தபோது சிக்கல் ஆரம்பித்தது. லண்டனைச் சுற்றிப் பெரும்பாலும் களிமண். மழைக்காலத்தில் சேறு, கோடையில் பாளம். பந்து விழுந்த இடத்தில் புதைந்துகொள்ளும். 1893-ல் சில வக்கீல்கள் வோக்கிங் ஊருக்குப் பக்கத்து ஹீத்தில் குழி வெட்டி ஆடிப் பார்த்தார்கள். மணல் என்பதால் மழை பெய்த அரை மணியில் தரை காய்ந்துவிட்டது. கடற்கரையில் கிடைத்த அதே துள்ளல் கடலே இல்லாத இடத்தில் கிடைத்தது. பிறகு வரிசையாக மைதானங்கள். சன்னிங்டேலில் வில்லி பார்க் ஜூனியர் அமைத்த மைதானம் 1901-ல் திறக்கப்பட்டது. நிலம் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குச் சொந்தமானது. 1904-ல் வால்டன் ஹீத். அதன் திறப்பு ஆட்டத்தில் ஹாரி வார்டன், ஜேம்ஸ் பிரெய்ட், ஜே.எச். டெய்லர் மூவரும் ஆடினார்கள். 1894-லிருந்து 1914 வரை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தில் 16-ஐத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டவர்கள். ஆங்கிலத்தில் இவர்களைக் குறிக்க ஒரு பட்டப்பெயர் உண்டு. 'மூவர்' என்றால் போதும். தேவாரம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

வால்டன் ஹீத்தில் லாயிட் ஜார்ஜும் சர்ச்சிலும் ஆடியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் 1913 பிப்ரவரியில் பெண் வாக்குரிமைப் போராளிகள் குண்டு வைத்தார்கள். பொறுப்பேற்ற எம்மலின் பேங்க்ஹர்ஸ்டுக்கு மூன்று வருடச் சிறைத் தண்டனை. அந்த நாட்களில் கோல்ஃப் புல்தரையில் அமிலம் ஊற்றிக் கோரிக்கையை எழுதிவிட்டுப் போன பெண்களும் உண்டு. மந்திரிகள் எங்கே நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி ஸ்டேஷனுக்குக் கார் கொண்டுவந்திருந்தார். முதல் டீயில் போய் நின்றதும் பேச்சு வரவில்லை. ஊதா. கண்ணுக்கு எட்டிய வரை இடுப்புயரம்கூட இல்லாத செடிகளில் சின்னச் சின்ன ஊதாப் பூ. நடுவில் வெளிர்ப்பச்சையாக ஒரு பாதை. அதுதான் பந்து விழ வேண்டிய ஃபேர்வே. அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பூவோடு முள் நிறைந்த கோர்ஸ். அதைப் பார்த்ததும் இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. ஊட்டியில்! வெள்ளைக்காரர்கள் ஊர் ஞாபகத்துக்காக நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டது, இன்று அங்கே புல்வெளியைத் தின்னும் களை. கிட்டப் போய் முகர்ந்து பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. தேங்காய் வாசனை. பொய்யில்லை, துருவிய தேங்காயின் வாசனை.

"என்ன தம்பி, நம்மூரு தேரி கணக்கா இருக்குல்லா?"

தேரி! தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கடற்கரைக்கு உள்ளே தள்ளி மேடு மேடாகக் கிடக்கும் செம்மணல் பூமி. ஆடிக் காற்றில் மணல் எழுந்து நகரும். பனை, உடை, கொல்லாமரம். எத்தனையோ வருடங்களாக நான் அகராதியில் தேடிய சொல்லுக்கு, ஒரு டாக்டர் கோல்ஃப் மட்டையைத் துடைத்துக்கொண்டே ஒன்று கொடுத்துவிட்டார். பொருந்துமா என்பது வேறு விஷயம்.

என் முதல் பந்து நேராக ஹெதருக்குள் போயிற்று.

ஹெதர் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. தூரத்திலிருந்து மெத்தை, கிட்டப் போனால் கம்பிச்சுருள். பந்து அதற்குள் இறங்கி மறைந்துவிடும். தேட மூன்று நிமிடம்தான். 2019-ல் விதி மாறும் முன் ஐந்து நிமிடம் தந்துகொண்டிருந்தார்கள். கண்டுபிடித்தாலும் அடிப்பது சுலபமில்லை. மட்டை இறங்கும்போது செடியின் தண்டுகள் அதன் கழுத்தைப் பிடித்துத் திருகிவிடுகின்றன. முகம் மூடிக்கொண்டு பந்து இடப்பக்கம் ஓடும், அல்லது ஓடாமலே இருக்கும். நான் தூரம் போக நினைத்து நீளமான மட்டையை எடுத்தேன். அண்ணாச்சி கையைப் பிடித்துத் தடுத்தார். "அத வைங்க. வெட்ஜ எடுத்து, பக்கத்துல இருக்க ஃபேர்வேக்கு வெளிய தள்ளுங்க. இதுக்குள்ள வீரம் காட்டக் கூடாது. மணிக்கட்டு போயிரும். நான் எத்தன மணிக்கட்டு பாத்திருக்கேன்." கெட்டியாகப் பிடித்து, செங்குத்தாக இறக்கி, பத்து கஜம் வெளியே தள்ளினேன்.

வெளியே வந்துவிட்டால் உலகமே வேறு. தரை உள்ளங்கை மாதிரி இறுக்கம். பந்தைக் கிரீனுக்கு முப்பது கஜம் முன்னாலேயே போட்டுவிட்டு, அது குதித்து, உருண்டு, மேட்டில் யோசித்து, சரிவில் திரும்பி, குழியை நோக்கிப் போவதை வேடிக்கை பார்க்கலாம். டெல்லியில் பந்தை ஆகாயத்தில் அனுப்பினால் போதும். இங்கே தரையைப் படிக்க வேண்டும். எனக்கு மட்டையைவிட இந்தப் படிப்பு சுலபமாக வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். வயதான டாக்டர் மறுத்துப் பேச மாட்டார்.

ஆறாவது குழியில் அண்ணாச்சி மட்டையை ஓங்கிவிட்டு அப்படியே நிறுத்தினார். ஃபேர்வேயைக் குறுக்கே கடந்து ஒரு மூதாட்டி, நாயோடு, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஹீத் பொது நிலம் சார்ந்தது, குறுக்கே போகும் நடைபாதைக்குக் கிளப்பைவிட வயது அதிகம், அவருக்காகத்தான் நாம் நிற்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. முன்பு இந்த நிலத்தில் கிராமத்து ஏழைகளுக்கு மாடு மேய்க்க, விறகும் சருகும் எடுக்க, எரிக்கப் புல்பத்தை வெட்ட உரிமை இருந்தது. பண்ணைப் பத்திரங்களில் அதன் பெயர் 'வேஸ்ட்'. நம் கிராமக் கணக்கிலும் அந்தச் சொல்லின் தமிழ் இன்றுவரை இருக்கிறது. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. மேய்ச்சலும் விறகும் தரும் நிலம் வரி தரவில்லை என்றால் கணக்குப்பிள்ளையின் பேனாவுக்கு அது தரிசு. அங்கே ஏராளமான தரிசு வேலி போட்டுத் தனியாருக்குப் போயிற்று. மீதமுள்ளதைக் காப்பாற்ற 1865-ல் ஒரு சங்கமே தோன்றியது. "எங்க தேரியையும் அப்பிடித்தான எழுதிருக்கான்" என்றார் அவர்.

கோல்ஃப் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் நம் நாட்டில் கோல்ஃப் மைதானம் என்ற உடனே எனக்குள் ஒரு முணுமுணுப்பு எழும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் புல்லுக்குக் குழாய் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சர்ரேயின் கதை எனக்குத் தர்மசங்கடம். 1800-க்குப் பிறகு இங்கிலாந்து தன் தாழ்நில ஹீத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டது. வீடு, ரோடு, வயல், பைன் தோட்டம். பிழைத்த துண்டுகளில் கணிசமானவை கோல்ஃப் மைதானங்களுக்குள் இருக்கின்றன. தரையில் கூடு வைக்கும் பக்கியும், மணல் பல்லியும், ஹெதரிலேயே காலம் தள்ளும் டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவியும் பணக்காரர்களின் பந்துக்கு நடுவே தப்பிப் பிழைத்தன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. பல கிளப்புகள் உரம் போட்டு, தண்ணீர் பாய்ச்சி, ஹெதரைத் தாங்களே விரட்டிய காலமும் உண்டு.

அதைவிடப் பெரிய தவறு மரம். மேய்ச்சல் நின்றதும் காற்றில் வந்த பிர்ச், பைன் விதைகள் முளைத்தன. ஆடு தின்ன வேண்டிய கன்றுகள் மரமாயின. போதாததற்குக் கிளப்புகளே அழகுக்கும் மறைப்புக்கும் மரம் நட்டன. மரத்தின் நிழலில் ஹெதர் நிற்காது. சருகு விழுந்து மண்ணுக்குச் சத்து ஏறினால் புல்லும் முள்ளும் அதை அமுக்கிவிடும். சத்து ஏறுவது இங்கே வியாதி! சில பத்தாண்டுகளில் ஹீத் காடாகிவிடும். இப்போது கிளப்புகள் மரங்களை நூற்றுக்கணக்கில் வெட்டுகின்றன. சருகு மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காத்திருக்கின்றன. ஹெதர் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. வெளிச்சம் பட்டால் எழுந்துகொள்ளும்.

ஒரு பங்க்கரின் வெட்டுவாயில் அண்ணாச்சி மண்ணைக் காட்டினார். மேலே கறுப்பாக ஒரு சாண். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வெளுத்த மணல். அதற்கும் கீழே துருப்பிடித்த செங்கல் மாதிரி ஒரு கெட்டிக் கோடு. அமிலமான மழைநீர் மேல்மண்ணின் இரும்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்ப் படிய வைத்ததுதான் அந்தக் கோடு. "நம்ம தேரியில இரும்பு மணல்மேலயே ஒட்டிட்டு இருக்கும், அதான் செவப்பு. இங்க கீழ எறங்கிட்டு. அம்புட்டுத்தான் வித்தியாசம்." மண்ணியல் படித்தவர்கள் இன்னும் சில வித்தியாசங்கள் சொல்லக்கூடும். நான் குறித்துக்கொண்டேன்.

பதினாலாவது குழிக்கு நடக்கும்போது அவர் பேச்சு குறைந்தது. ஃபேர்வேயின் வலது ஓரத்தில் தரையோடு அறுக்கப்பட்ட ஒரு அடிக்கட்டை. அதன் பக்கத்தில்தான் அவர் பந்து கிடந்தது.

"இது நான் வச்சது" என்றார்.

1996-ல் அவருடைய அய்யா ஊரில் இறந்துபோனார். விமானம் பிடித்துப் போவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த அவரிடம், உறுப்பினர்கள் மரம் நடலாம் என்று கிளப்பில் சொன்னார்கள். கிளப்பில் சேர்வதற்கே, முன்மொழிய ஆள் கிடைக்காமல், வருடக்கணக்கில் காத்திருந்தவர் அவர். சொன்ன அன்றே ஒரு பைன் கன்று வாங்கி வந்து நட்டார். அய்யாவும் மரம் நட்டவர்தான். காற்றில் மணல் வந்து வீட்டுச் சுவரில் ஏறும் ஊரில், ஒவ்வொரு வருடமும் பனங்கொட்டை ஊன்றியவர். பனையை வைத்தவனைப் பற்றி நம்மிடம் பழமொழி இருக்கிறது. அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். "மரம் இல்லன்னா எங்க ஊர் மணலுக்கு அடியில போயிருக்கும் தம்பி. மரத்த வெட்டுனவன எங்க ஊர்ல கொலகாரன் மாதிரி பாப்பாங்க."

2020-ல் வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியல் கமிட்டிக்கு வந்தது. அண்ணாச்சி அப்போது கமிட்டியில் இருந்தார். பட்டியலில் பதினாலாவது குழியின் வலது ஓரப் பைன் இருந்தது. யார் நட்டது என்று மற்றவர்களுக்கு ஞாபகம் இல்லை. இவர் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அந்த ஒன்றை விட்டிருப்பார்கள், ஆங்கிலேயர்கள் இந்த விஷயத்தில் தாட்சண்யக்காரர்கள்.

"ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"ஆளாளுக்கு ஒரு மரம் சொல்லுவாம்லா. ஒருத்தனுக்குப் பொண்டாட்டி நட்டது, ஒருத்தனுக்கு மவன் நட்டது. பெறவு எத வெட்ட?" கொஞ்ச நேரம் கழித்துச் சேர்த்துக்கொண்டார். "கைய தூக்கிட்டேன். வெட்டுன அன்னைக்கு இந்தப் பக்கம் வரல. வீட்டுல ரெண்டு நாள் பேசல."

சரியா என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது வேறு: அய்யா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கேட்காமலே அவர் அதற்கு வந்தார். ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா மகனிடம் மட்டும் இதைச் சொன்னாராம். அவர் பனங்காட்டுக்காரர். முழுவதும் கேட்டுவிட்டு, அந்த ஊரில் மணல் பறக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். பறக்காது, செடி பிடித்திருக்கிறது என்றிருக்கிறார் இவர். "அப்ப செடியப் பாருன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்."

அடிக்கட்டையைச் சுற்றி மூன்றாவது கோடை. விரல் நீளத்தில், பிறகு சாண் உயரத்தில், ஹெதர் வந்திருந்தது. நடாமல், விதைக்காமல் வந்தது. சிலவற்றில் பூ. அண்ணாச்சி குனிந்து, பந்தைத் தொடாமல், அதைச் சுற்றியிருந்த கன்றுகளைப் பார்த்தார். ஒரு பிர்ச் நாற்று இரண்டு இலையோடு தலைநீட்டியிருந்தது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பார்த்தால் பிடுங்க வேண்டும் என்பது உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் வேலையாம்.

ஊருக்குத் திரும்பிய பின் எனக்கு வந்த முதல் வேலையிலேயே 'ஹீத்' இருந்தது. 'தேரி' என்று எழுதிப் பார்த்தேன். செம்மணலும் பனையும் கண்முன் வந்து நின்றன, ஊதாப் பூ வரவில்லை. சங்கப் பாட்டுகளில் சத்தில்லாத முல்லை நிலத்தைச் சொல்லும் 'புன்புலம்' கொஞ்சம் அருகில் வருகிறது, ஆனால் வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டும். கடைசியில் ஹீத் என்றே போட்டுவிட்டு, ஒரு வரி விளக்கம் சேர்த்தேன். 'தரிசு' என்று மட்டும் எழுதவில்லை.

பதினாலாவது குழி முடியவில்லையே. அண்ணாச்சி தன் கன்றுகளுக்கு நடுவே கிடந்த பந்தை அடிக்க மறுத்துவிட்டார். விதிப்படி ஒரு அடி அபராதம் ஏற்றுக்கொண்டு, பந்தை எடுத்து, இரண்டு மட்டை நீளம் தள்ளி வெட்டவெளியில் போட்டு ஆடினார். அந்தக் குழியில் அவர் ஆறு. நான் ஒன்பது.